லண்டனில் பென்சிலால் ஓட்டு போட்டேன், செல்லுமா?

நெல்லைப்பையன்:
2021 சட்டமன்றத் தேர்தலில் பாளையங்கோட்டையில் போட்டதுதான் ஊரில் கடைசி ஓட்டு. அப்புறம் 2024 ஜூலை 4, பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தல், லண்டனில் ஈஸ்ட் ஹாம். வைத்திருப்பது இந்தியப் பாஸ்போர்ட்தான், ஆனாலும் ஆன்லைனில் பதிந்ததும் எந்தச் சாவடி என்று அட்டை தபாலில் வந்துவிட்டது. சர்ச் ஹாலுக்குப் போனால் வரிசை இல்லை, போலீஸ் இல்லை, ஒருவர் நாயோடு நிற்கிறார். பாஸ்போர்ட்டைப் பார்த்து, பெயருக்கு நேரே கோடு போட்டு, ஒரு தாளைக் கொடுத்தார்கள். மறைப்புக்குள் நூலில் கட்டிய குட்டிப் பென்சில். பென்சில்! ரப்பர் வைத்து யாராவது அழித்துவிட்டால்? விரலில் மை இல்லை, பீப் சத்தம் இல்லை, ஓட்டு போட்ட மாதிரியே இல்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

பனங்கூடல்:
தம்பி, பென்சில் செல்லும். பயமென்றால் சொந்தப் பேனை கொண்டுபோங்கோ, ஒருத்தரும் தடுக்க மாட்டினம். பாஸ்போர்ட் காட்டுறதே புதுசு, இங்கிலாந்தில் 2023க்கு முன்னம் பெயரும் விலாசமும் சொன்னால் போதும். நாங்கள் காமன்வெல்த் ஆட்கள், அதனால்தான் வாக்கு. என்னோடு வேலை செய்யிற பிரெஞ்சுக்காரருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கில்லை, இலங்கைப் பாஸ்போர்ட்டோடு வந்த எனக்கு இருந்தது! ஆனால் இலங்கைத் தேர்தலில் போட வேணுமென்றால் அங்கே போய்த்தான் போட வேணும். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பு வரிசை போடலாம், 2024 செப்டம்பரில்தான் முதல் தடவையாக மற்ற விருப்புகளையும் எண்ண வேண்டி வந்தது.

தேர்தல்_வாத்தியார்:
நான் தமிழ்நாட்டில் மூன்று தேர்தலில் சாவடிப் பணி பார்த்தவன். முந்தின நாளே இயந்திரத்தோடு போய்ப் பள்ளிக்கூட பெஞ்சில் படுத்து, விடிவதற்குள் எழுந்து, ஏஜெண்டுகள் முன்னால் குறைந்தது 50 மாதிரி ஓட்டு போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, சீல் வைத்தால்தான் 7 மணிக்குத் தொடங்க முடியும். நீங்கள் ரப்பருக்குப் பயப்படுகிறீர்கள். இங்கே யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டும் விவிபேட் சீட்டு கண்ணாடிக்குள் 7 விநாடி தெரியும், அதைப் பார்க்காமலே பலர் நகர்ந்துவிடுகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் படிவம் 6ஏ கொடுத்துப் பெயர் சேர்க்கலாம், ஆனால் ஓட்டு போட நேரில் வர வேண்டும். விமான டிக்கெட் விலைக்கு யார் வருவார்கள்?

சிட்னி_சித்தப்பா:
ஆஸ்திரேலியாவிலும் பென்சில்தான். சனிக்கிழமை ஓட்டு, வாசலில் சாசேஜ் சுடுவார்கள், போகாவிட்டால் 20 டாலர் அபராதம். கீழவைக்கு ஒரு கட்டம் விடாமல் எண் போட வேண்டும், பிடிக்காதவனுக்கும் ஏதோ ஒரு எண் கொடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் எரிச்சல்.

நெல்லைப்பையன்:
நன்றி, பென்சில் பயம் போய்விட்டது. வாத்தியார் சார், தமிழ்நாட்டில் 2024 மக்களவைத் தேர்தலில் ஏப்ரல் 19 அன்று போட்டுவிட்டு ஜூன் 4 வரை காத்திருந்தீர்கள். இங்கே இரவு 10 மணிக்கு முடிந்து, மறுநாள் மத்தியானத்துக்குள் பிரதமரே மாறிவிட்டார். அம்மாவிடம் வீடியோ காலில் ஓட்டு போட்டேன் என்றேன், விரலைக் காட்டச் சொன்னார். காட்டினேன். இன்னும் நம்பவில்லை.