உதவி: டெபியன் லினக்ஸில் பிரிண்டர் தெரியவில்லை, நாளைக்குள் குறிப்பு எழுதி முடிக்க வேண்டும்

படிப்பகம்_8:
எங்கள் படிப்பகத்துக்கு, டிரைவர் போடாமல் நெட்வொர்க் பிரிண்டரில் அச்சிடுவது எப்படி என்று தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். "அச்சிடு என்பதை அழுத்தினால் பிரிண்டர் தானாகவே பட்டியலில் வரும்" என்று முதல் பத்தியிலேயே எழுதியாகிவிட்டது. செய்து பார்த்தால் பட்டியல் காலி. போனிலிருந்து அச்சாகிறது. அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் ஓடுகிறது. பிரிண்டரின் முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது. நாளை காலை 10 மணிக்குச் சுவரில் ஒட்ட வேண்டும். எதை விட்டேன்?

மஞ்சள்பை:
டெபியன் எத்தனை? என்ன பிரிண்டர்? கணினி வைஃபையிலா கேபிளிலா? போன் எந்த வைஃபையில் இருக்கிறது?

தாள்சிக்கல்:
இதெல்லாம் விளம்பரத்துக்குச் சொல்வது. கம்பெனி தளத்தில் போய் டிரைவரை இறக்கிப் போடுங்கள், ஐந்து நிமிடத்தில் முடியும். நான் பத்து வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

பழைய_மவுஸ்:
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். டெபியன் விக்கியில் இதற்கென்றே நீளமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்காமலே இன்னொருவருக்குக் குறிப்பு எழுத உட்காரும் துணிச்சல் எனக்கெல்லாம் வராது.

படிப்பகம்_8:
டெபியன் 12. கறுப்பு வெள்ளை லேசர், வாங்கி மூன்று வருடம். வைஃபை. விக்கியைப் படித்துவிட்டுத்தான் வந்தேன் அண்ணா.

கேபிள்காரன்:
ஃபயர்வால்தான், சந்தேகமே வேண்டாம். யூஎஃப்டபிள்யூ போட்டிருப்பீர்கள். பிரிண்டரின் அறிவிப்பு வரும் யூடிபி 5353 போர்ட்டைத் திறந்துவிடுங்கள்.

படிப்பகம்_8:
ஃபயர்வாலை முழுதாகவே நிறுத்திப் பார்த்துவிட்டேன். அப்படியேதான் இருக்கிறது.

கேபிள்காரன்:
அப்படியென்றால் சரியாக நிறுத்தவில்லை.

மஞ்சள்பை:
போனில் அச்சாகிறது என்றால் பிரிண்டருக்கு, போனிலிருந்து டிரைவர் இல்லாமல் அச்சிடும் முறைகளான ஏர்பிரிண்டோ மோப்ரியாவோ தெரிந்திருக்கிறது. டெபியனுக்கும் கிட்டத்தட்ட அதே போதும், எனவே பிரிண்டரை விட்டுவிடலாம். இரண்டு விஷயம் செய்யுங்கள். பிரிண்டர்களைப் பட்டியலிடும் "எல்பிஸ்டாட் -இ" கட்டளையைக் கொடுங்கள். சிறிய இ. "-பி" கொடுத்தால் நிலையாகச் சேர்த்த பிரிண்டர்கள் மட்டுமே வரும். நெட்வொர்க்கில் கப்ஸ் கண்டுபிடித்தவை "-இ"யில்தான் தெரியும். நிறைய பேர் "-பி" கொடுத்துவிட்டுக் காலி என்று பயந்துபோகிறார்கள், உங்கள் குறிப்பிலும் இதைச் சேருங்கள். அப்புறம் கணினியின் ஐபி, பிரிண்டரின் ஐபி இரண்டையும் இங்கே போடுங்கள். (என் போனில் தமிழ் விசைப்பலகைதான் இருக்கிறது, கட்டளையை ஆங்கிலத்தில் மாற்றித் தட்டிக்கொள்ளுங்கள்.)

தாள்சிக்கல்:
இத்தனை பாடு படுவதற்கு டிரைவரே போட்டிருக்கலாம் :)

பூட்டுச்சாவி:
நெட்வொர்க்கில் பிரிண்டர் தேடும் கப்ஸ்-பிரவுஸ்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் முதலில் நிறுத்துங்கள். 2024 செப்டம்பரில் அதில் வந்த பாதுகாப்பு ஓட்டை நினைவிருக்கிறதா? யூடிபி 631இல் யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மஞ்சள்பை:
அதற்குத் திருத்தம் வந்து பாக்கேஜ்களும் புதுப்பிக்கப்பட்டுவிட்டன. இவர் கேட்பது வேறு.

தமிழ்மணி_ஓசை:
குறிப்பு தமிழில் என்பதால் கேட்கிறேன், "டிரைவர்லெஸ்" என்பதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? "ஓட்டுநரில்லா அச்சு" என்று ஓரிடத்தில் பார்த்து இரண்டு நாள் சிரித்தேன்.

பழைய_மவுஸ்:
"இயக்கியற்ற அச்சிடல்." அவ்வளவுதான்.

தமிழ்மணி_ஓசை:
"அற்ற" என்றால் எதுவோ குறைகிறது என்று தோன்றும். இங்கே எதுவும் குறையவில்லையே! தாள் அளவு, இருபுறம், ரெசல்யூஷன் எல்லாவற்றையும் பிரிண்டரே ஐபிபி என்ற அச்சு நெறிமுறை வழியாகச் சொல்லிவிடுகிறது. கப்ஸ் அதைக் கேட்டுக்கொண்டு பிடிஎஃப் ஆகவோ ராஸ்டராகவோ (புள்ளிப் படமாக) மாற்றி அனுப்புகிறது. மாடலுக்கு மாடல் தனி டிரைவர் தேவைப்படவில்லை, அவ்வளவே. "தனி டிரைவர் வேண்டாத" என்று எழுதினால் போதாதா?

பழைய_மவுஸ்:
அது கலைச்சொல் ஆகாது, வாக்கியம்.

கேபிள்காரன்:
படிப்பகத்துக்கு வருகிறவருக்கு "இயக்கி" என்றாலே என்னவென்று தெரியாது. "டிரைவர்" என்றால் கடைக்காரர் சொல்லிக் கேட்டிருப்பார்.

பழைய_மவுஸ்:
இப்படி விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால் "அச்சிடு" என்பதையும் "பிரிண்ட் போடு" என்று மாற்ற வேண்டியதுதான்.

தமிழ்மணி_ஓசை:
எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம்.

தாள்சிக்கல்:
இந்தச் சமாச்சாரமே நேற்று வந்தது, அதற்குள் கலைச்சொல்லா?

மஞ்சள்பை:
நேற்று இல்லை. ஏர்பிரிண்ட் வந்தது 2010 நவம்பரில். ஐபிபி எவ்ரிவேர் என்ற தரநிலை 2013. பிரிண்டரின் வசதிகளை விவரிக்கும் பிபிடி கோப்புகளையும் பழைய பாணி டிரைவர்களையும் கப்ஸ் 3இல் மொத்தமாகவே கைவிடப்போகிறார்கள். நீங்கள் இறக்கிப் போடச் சொன்ன டிரைவரும் பெரும்பாலும் அந்தப் பழைய பாணிதான். படிப்பகம்_8, ஐபி எங்கே?

படிப்பகம்_8:
மன்னிக்கவும், சாப்பிடப் போய்விட்டேன். கணினி 192.168.1.23. பிரிண்டர் 192.168.0.105. "எல்பிஸ்டாட் -இ" ஒன்றும் காட்டவில்லை. ஆனால் பிங் போகிறதே?

மஞ்சள்பை:
மூன்றாவது எண் ஒன்றில் 1, இன்னொன்றில் 0. நடுவில் இன்னொரு ரவுட்டர் இருக்கிறதா?

படிப்பகம்_8:
ஆமாம். கணினிகளுக்கென்று தனியாக ஒன்று வாங்கி, பழைய ரவுட்டரில் சொருகியிருக்கிறோம். போனும் பிரிண்டரும் பழையதில். இது முக்கியம் என்று தோன்றவில்லை.

மஞ்சள்பை:
அதுதான் விஷயம். பிரிண்டர் தன் பெயரை 224.0.0.251 என்ற முகவரிக்கு, 5353 போர்ட்டில் கூவுகிறது. கீரை விற்பவர் குரல் மாதிரி, அந்தத் தெருவுக்குள்தான் கேட்கும். ரவுட்டர் அதை அடுத்த தெருவுக்குக் கடத்தாது. பிங் அப்படியில்லை, வீட்டு எண் தெரிந்து நேராகப் போய்க் கதவைத் தட்டுவது. அதனால்தான் பிங் போகிறது, பட்டியல் காலியாக இருக்கிறது.

இரண்டு வழி உண்டு. இரண்டாவது ரவுட்டரை வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றுங்கள்: அதில் ஐபி ஒதுக்கும் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, வான் (WAN) துளையில் இருக்கும் கேபிளை லேன் (LAN) துளையில் சொருகினால் எல்லாம் ஒரே தெருவாகிவிடும். அதற்கு நேரமில்லை என்றால் முகவரியை நேராகக் கொடுங்கள்: சூடோ எல்பிஅட்மின் -பி லேசர் -ஈ -வி ஐபிபி://192.168.0.105/ஐபிபி/பிரிண்ட் -எம் எவ்ரிவேர். அதில் ஈ மட்டும் பெரிய எழுத்து. இப்படிச் செய்தால் பழைய ரவுட்டரில் பிரிண்டருக்கு அந்த ஐபியையே ஒதுக்கிவையுங்கள், இல்லையென்றால் ஒருநாள் மாறிவிடும்.

உங்கள் முதல் பத்தியையும் திருத்துங்கள். "தானாகவே வரும்" என்பது கண்டுபிடிப்பு. டிரைவர் வேண்டாம் என்பது அச்சிடுவது. இரண்டும் வேறு வேறு, கண்டுபிடிப்பு தோற்றாலும் அச்சிடலாம்.

கேபிள்காரன்:
5353 என்று நான் முதலிலேயே சொன்னேன்.

பழைய_மவுஸ்:
ஐபியை முதல் பதிவிலேயே போட்டிருந்தால் இத்தனை பேரின் மாலை மிஞ்சியிருக்கும்.

அரைகுறை_ரூட்:
இடையில் ஒரு சந்தேகம், யூஎஸ்பியில் இருக்கும் பிரிண்டருக்கும் இந்த வழி உண்டா?

மஞ்சள்பை:
ஐபிபி-யூஎஸ்பி என்று ஒரு பாக்கேஜ் இருக்கிறது, டெபியன் 11இலிருந்து. பிரிண்டர் அதை ஆதரிக்க வேண்டும். தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.

படிப்பகம்_8:
வந்துவிட்டது. ஒட்டியாயிற்று. எல்லாருக்கும் நன்றி.

மஞ்சள்பை:
எந்த வழியில் செய்தீர்கள்?

தமிழ்மணி_ஓசை:
அதோடு, கடைசியில் என்ன சொல் போட்டீர்கள்?

மஞ்சள்பை:
நான்கு நாள் ஆயிற்று. ரவுட்டரா, முகவரியா? பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.