கேபின் படகு: ஜன்னலுக்கு சிலிக்கான் போட்டும் படுக்கை நனைகிறது, எங்கே பார்ப்பது?

காசிமேடு பைபர்:
வணக்கம். காசிமேட்டில் பைபர் படகு பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். மீன்பிடிப் படகு என்றால் பயமில்லை. இப்போது வந்திருப்பது வேறு ரகம். வெளிநாட்டில் கட்டிய பழைய 24 அடி பாய்மரப் படகு. உள்ளே தூங்க கேபின், சமைக்க ஒரு மூலை, முன்பக்க மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்த கக்கூஸ். ஓனர் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு எண்ணூர் வரை போய்வரலாம் என்று வாங்கியிருக்கிறார்.

வலது பக்கம் பின்னால் ஒரு படுக்கை இருக்கிறது. தலைமாடு கேபினுக்குள், கால்மாடு சுக்கான் பிடிப்பவர் உட்காரும் பலகைக்கு அடியில் குகை மாதிரி போகிறது. தலையணை வைக்கிற இடத்தில்தான் ஈரம். அதற்கு நேர் மேலே ஜன்னல். அக்ரிலிக் ஷீட், பிரேம் கிடையாது. சுவருக்கு வெளியே அப்படியே வைத்து சுற்றிலும் போல்ட் போட்டிருக்கிறார்கள். பழைய பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டு சிலிக்கான் போட்டேன். அடுத்த மழையில் மறுபடியும் அதே ஈரம். கீழ் வரிசையில் கடைசி போல்ட்டின் முனையில் சொட்டு திரண்டு நிற்கும், விரல் வைத்தால் இறங்கிவிடும். ஆனால் வெளியே அந்த இடத்தில் விரிசல் எதுவும் தெரியவில்லை.

ஓனர் இன்னும் இரண்டு கேட்கிறார். உட்கார்ந்தால் கடல் தெரியவில்லையாம், ஜன்னலைக் கீழே இறக்கிப் பெரிசாக வெட்ட வேண்டுமாம். கேபின் நடுவில் ஒரு கம்பம் வழியை மறிக்கிறது, அதை எடுத்துவிடலாமா என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணூர் தம்பி:
அண்ணே, ஜன்னலைச் சுற்றி எம்-சீல் வைத்து அடைச்சிடுங்க. வேலை முடிஞ்சுது.

பழைய போசன்:
முதலில் கம்பம். அதைத் தொடாதீர்கள் தம்பி. பாய்மரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கேபின் கூரை மேல் நின்றால், இந்தக் கம்பம்தான் அதன் பாரத்தைக் கீழே அடிக்கட்டைக்குக் கடத்துகிறது. எடுத்தால் கூரை அமுங்கும், பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிகள் தளரும், காற்றடிக்கிற நாளில் பாய்மரமே போகும். ஓனர் நம்பவில்லை என்றால், துறைமுகத்துக்குள் 1911 முதல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. அங்கே பாய் ஓட்டுகிறவர் யாரையாவது கேட்கச் சொல்லுங்கள், ஒரே பதில்தான் வரும்.

அடுத்து ஈரம். சவுத்தாம்ப்டன் பக்கம் யாட் பட்டறை ஒன்றில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ஜன்னலில் சொட்டுகிறது என்பதால் ஜன்னல்தான் ஒழுகுகிறது என்று முடிவு கட்டாதீர்கள். இந்த மாதிரிப் படகில் பைபர் கூரைக்கும் உள்ளே தெரியும் வினைல் சீலிங்குக்கும் நடுவே சந்து இருக்கும். கூரையில் எந்த போல்ட் ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீரும் அந்தச் சந்துக்குள் ஓடும். சீலிங்கில் முதலில் வெட்டுப்பட்ட இடம் ஜன்னல் ஓரம்தானே, அங்கே வெளியே வரும். கூரைக் கைப்பிடிக் கட்டை, ஓரக் கம்பிவேலிக் கால், மரத்தைப் பிடிக்கும் கம்பிகளின் இரும்புப் பட்டை, இந்த மூன்றையும் சந்தேகப்பட்ட பிறகு ஜன்னலுக்கு வாருங்கள்.

ஒரு கேள்வி. ஸ்டாண்டில் எப்படி நிற்கிறது? அணியம், அதாவது முன்பக்கம், தூக்கி நிற்கிறதா?

காசிமேடு பைபர்:
ஆமாம் ஐயா. மழைத் தண்ணீர் பின்னால் வழியட்டும் என்று அணியத்தைக் கொஞ்சம் தூக்கித்தான் வைத்திருக்கிறோம்.

பழைய போசன்:
அப்படியானால் சந்துக்குள் புகுந்த தண்ணீரும் பின்னால்தான் ஓடும். கடைசி ஜன்னலின் கடைசி போல்ட்டில் சொட்டுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

சோதித்துவிடுங்கள். ஜன்னலைச் சுற்றி வெளியே மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டி முழுக்க மூடுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு படுக்கட்டும். சீலிங் ஓரத்தை முடிந்தவரை பிரித்து, சந்தேகமான போல்ட்களைச் சுற்றி சாக்பீஸ் தூள் தடவுங்கள். வெளியிலிருந்து ஹோஸ் பிடிப்பவர் கீழேயிருந்து தொடங்கி மெதுவாக மேலே ஏற வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடமாவது நிறுத்துங்கள். மேலேயிருந்து பிடித்தால் எல்லாம் ஒரேயடியாக நனைந்து எதுவும் புரியாது.

அவசரம் என்றால் இன்னொரு வழி. கேபின் வாசலை ஷீட்டால் மூடி, ஒரு புளோயரின் வாயை உள்ளே விட்டுக் காற்றடியுங்கள். வெளியே எல்லா போல்ட் தலைக்கும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ஒழுகுகிற இடத்தில் குமிழி வரும்.

மண்ணடி அக்ரிலிக்:
எம்-சீல் வேண்டாம் தம்பி. கல்லாக இறுகிவிடும், அக்ரிலிக் அசையும். ஒரு மீட்டர் ஷீட் 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 2 மி.மீ. நீளும். பைபர் சுவர் அதில் பாதிகூட நீளாது. காலையில் நிழல், மதியம் வெயில் என்று தினமும் இழுபறி.

அதனால் ஓட்டையை போல்ட்டை விட 2 மி.மீ. பெரிதாகப் போட வேண்டும். குழித் தலை போல்ட் ஆகாது, அது ஆப்பு மாதிரி இறங்கி ஷீட்டைப் பிளக்கும். தட்டைத் தலை, அகலமான வாஷர், கையால் முறுக்கும் அளவு இறுக்கம் போதும். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே 3 மி.மீ. பேஸ்ட் தங்க வேண்டும், அதற்குச் சின்ன ரப்பர் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க இறுக்கினால் பேஸ்ட் எல்லாம் வெளியே பிதுங்கிவிடும், உள்ளே இழுபட எதுவுமே மிஞ்சாது.

பேஸ்ட்டுக்குப் பதில் பியூட்டைல் டேப் (இறுகாமல் ஒட்டும் ரப்பர் நாடா) போட்டு போல்ட் அடிக்கலாம். ஒட்டியே நிற்க வேண்டும் என்றால் சிகாஃபிளெக்ஸ் 295 யூவி என்ற ஒட்டும் பேஸ்ட், அதற்குரிய பிரைமரோடு. பாலிசல்ஃபைட் வகை பேஸ்ட் அக்ரிலிக்குக்கு ஆகாது. அசிட்டோன், தின்னர் வைத்துத் துடைக்கவே கூடாது, மறுநாளே மயிரிழை விரிசல் விழும். சோப்புத் தண்ணீர் போதும். முன்னால் சிலிக்கான் பூசிய இடத்தைப் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து எடுங்கள். அது மிச்சமிருந்தால் அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது.

ராயபுரம் லஸ்கர்:
ஜன்னலைக் கழற்றினால் வெட்டிய விளிம்பையும் பாருங்கள். சில படகுகளில் கூரையிலும் பக்கச் சுவரிலும் இரண்டு பைபருக்கு நடுவே பால்சா என்ற லேசான மரக்கட்டை இருக்கும். அது நனைந்து கறுத்திருந்தால், வெட்டு விளிம்பிலிருந்து அரை அங்குலம் குடைந்து எடுத்து, காயவிட்டு, எபாக்ஸியில் ஃபில்லர் கலந்து அடையுங்கள். இது உங்களுக்குத் தெரிந்த வேலைதான்.

காசிமேடு பைபர்:
நன்றி. பால்சா பற்றித் தெரியாது, பார்க்கிறேன். ஜன்னலைப் பெரிசாக்குவது?

பழைய போசன்:
வேண்டாம். உட்கார்ந்தால் தெரியாதது கட்டியவரின் கஞ்சத்தனம் இல்லை. இருக்கையில் உட்காரும்போது உங்கள் கண் பக்கத்து நடைபாதைத் தளத்தின் உயரத்தில்தான் இருக்கும், ஜன்னல் அதற்கு மேலேதான் வர முடியும். கீழே இறக்கினால் சுவர் முடிந்து தளம் வந்துவிடும். தவிர, படகு சாய்ந்து ஓடும்போது அலை முதலில் மோதுவது அந்த ஜன்னலில். உடைந்தால் அதே அளவு ஓட்டை. ஜன்னல் எவ்வளவு தடிமன், எந்த இடத்தில் எவ்வளவு பெரிது என்பதற்கு ஐஎஸ்ஓ 12216 என்று தனித் தரமே இருக்கிறது.

இங்கிலாந்தில் 1969இல் வந்த வெஸ்டர்லி செண்டார் 26 அடிதான், 2,400க்கு மேல் கட்டினார்கள். சமையல் மூலையும் சாப்பாட்டு மேஜையும் வேறு வேறு விதமாக அமைத்து விற்றார்கள். எந்த விதமானாலும் ஒரே இடத்துக்குத்தான் சண்டை. ஆள் படுக்க 6 அடிக்கு மேல் வேண்டும், 24 அடியில் நான்கு பேரைப் படுக்க வைக்க வேண்டும் என்றால் காலை எங்காவது சொருகத்தான் வேண்டும். அப்படி வந்ததுதான் உங்கள் குகை. ஓனரிடம் சொல்லுங்கள், கடலில் ஆட்டம் குறைவாக இருக்கும் படுக்கை அதுதான். முன்பக்க மெத்தை பார்க்க அழகு, அணியம் எகிறும்போது அதில் யாரும் தூங்க முடியாது.

எண்ணூர் தம்பி:
மே மாசத்தில் இந்தக் கேபினுக்குள் எப்படிண்ணே இருப்பாங்க? ஜன்னல் எதுவும் திறக்கல போலிருக்கே.

பழைய போசன்:
நல்ல கேள்வி. ஜன்னலுக்கு ஒதுக்கும் காசை முன்தளத்தில் ஹேட்சுக்கு, அதாவது திறக்கும் மூடிக்கு, போடச் சொல்லுங்கள். நங்கூரம் போட்டால் படகு காற்றைப் பார்த்துத்தான் நிற்கும். ஹேட்ச் மேல் துணியைக் கூம்பாகக் கட்டினால் காற்று உள்ளே இறங்கி வாசல் வழியே போகும். வெயிலை ஜன்னலுக்கு வெளியே தடுக்க வேண்டும். உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டிருக்கும்.

காசிமேடு பைபர்:
சோதனை செய்துவிட்டோம். டேப் ஒட்டியபோது ஜன்னலுக்கு ஹோஸ் பிடித்தால் உள்ளே காய்ந்தே இருந்தது. கூரைக் கைப்பிடிக் கட்டைக்கு ஏறியதும் நடு போல்ட்டைச் சுற்றிய சாக்பீஸ் தூள் கறுத்து, கொஞ்ச நேரத்தில் அதே கடைசி போல்ட்டில் சொட்டு வந்துவிட்டது. டேப்பை எடுத்துவிட்டுப் பிடித்ததில் ஜன்னலின் மேல் ஓரத்திலும் லேசாக ஒரு கசிவு. இரண்டையும் கழற்றப் போகிறேன். கட்டைக்கு என்ன போடுவது?

பழைய போசன்:
பியூட்டைல் போதும். கூரையில் ஓட்டையின் வாயை மட்டும் லேசாகக் குழித்து, போல்ட் கழுத்தில் பியூட்டைலைச் சுற்றி இறக்குங்கள். மேலே ஒருவர் போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, கீழே நட்டை மட்டும் திருப்ப வேண்டும். போல்ட் சுழன்றால் பியூட்டைல் அறுந்துவிடும். ஒரு நாள் விட்டு இன்னொரு முறை கால் சுற்று இறுக்குங்கள்.