நுண்பாசிக்குத் தழைச்சத்தைக் குறைத்தால் பயோடீசலுக்கான எண்ணெய் கூடுமா?

கேள்வி (பாலக்கோடு):
வணக்கம். தோட்டத்தில் உள்ள 1,000 லிட்டர் சிமென்ட் தொட்டியில் குளோரெல்லா வல்காரிஸ் என்ற நுண்பாசியை வளர்த்து வருகிறேன். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் பாசியில் எண்ணெய் கூடும் என்று படித்ததால், இம்முறை தொடக்கத்திலேயே யூரியாவைக் கால் பங்காகக் குறைத்தேன். பத்து நாள் ஆகியும் தண்ணீர் இளம்பச்சையைத் தாண்டாமல் மஞ்சளாகிறது. போர் தண்ணீரும் சிறிது டிஏபி உரமும் பயன்படுத்துகிறேன். தவறு எங்கே என்று விளக்க வேண்டுகிறேன்.

பதில் (கிருஷ்ணகிரி):
ஐயா, தாங்கள் படித்தது உண்மை. குறைத்த நேரம்தான் சரியில்லை. தழைச்சத்து இல்லாத செல்லால் புரதமும் பச்சையமும் கட்ட முடியாது. ஆனால் வெயிலில் பிடித்த கார்பன் உள்ளே வந்துகொண்டே இருப்பதால், அதை மாவுப்பொருளாகவும் கொழுப்பாகவும் சேமித்துவிட்டு, பெருகுவதை நிறுத்திக்கொள்கிறது. அதனால் விழுக்காடு கூடினாலும் மொத்த எண்ணெய் குறையலாம்: 100 கிராம் உலர் பாசியில் 20 விழுக்காடு எண்ணெய் என்றால் 20 கிராம்; அதுவே 40 கிராம் பாசியில் 40 விழுக்காடு என்றாலும் 16 கிராம்தான். அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை நடத்திய நீர்வாழ் உயிரினத் திட்டத்திலும், பட்டினி போட்டால் விழுக்காடு உயர்ந்தும் மொத்த எண்ணெய் உற்பத்தி உயரவில்லை என்றே கண்டார்கள்.

உலர்ந்த பாசியில் ஏறத்தாழ 7 விழுக்காடு நைட்ரஜன் இருக்கும். லிட்டருக்கு அரை கிராம் பாசி வேண்டுமென்றால், தங்கள் தொட்டிக்கு 500 கிராம் பாசி, 35 கிராம் நைட்ரஜன், அதாவது சுமார் 76 கிராம் யூரியா. இப்படி அளந்து போட்டால், பாசி நன்கு பெருகி முடிக்கும் தறுவாயில் பட்டினி தானாகவே வந்துவிடும். அதன்பின் சில நாள் வெயிலில் விட்டு அறுவடை செய்யுங்கள்.

பதில் (தருமபுரி):
மேலே உள்ள கணக்கோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் ஃபுளோரைடைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். பாசி வளர்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது உப்புக் கடினம், அதாவது தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம் போன்ற உப்புகளின் அளவு. பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச நண்பகலில் தண்ணீரின் காரத்தன்மை ஏறும். அப்போது கால்சியத்தோடு டிஏபியிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) சேர்ந்து வெண்படிவாக அடியில் தங்கிவிடும். போட்ட டிஏபி பாசிக்கு எட்டாமலே போய்விடும் என்பதோடு, அதிலுள்ள அம்மோனியமும் காரநீரில் அம்மோனியாவாக மாறிச் செல்லைத் தாக்கும். ஆகவே நண்பகலில் பிஎச் (கார அளவு) பாருங்கள். 9-ஐத் தாண்டினால் டிஏபியைச் சிறு சிறு தவணையாக, காலையில் கொடுங்கள். 500 கிராம் பாசிக்கு 25 கிராம் டிஏபி போதும். அதிலேயே நாலரை கிராம் நைட்ரஜன் இருப்பதால் யூரியாவை 66 கிராமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கேட்டவர் (பாலக்கோடு):
மிக்க நன்றி. தொட்டியின் அடியில் வெண்படிவு இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணையின் பச்சைத் தண்ணீரை வித்தாக, அதாவது வளர்ப்பைத் தொடங்கும் பாசியாக, எடுக்கலாமா?

பதில் (கிருஷ்ணகிரி):
வேண்டாம். அணைநீர் பச்சையாவது ஊட்டச்சத்து மிகுந்ததால்தான். ஆனால் அதில் நீலப்பச்சைப் பாசி இருந்தால், பயோடீசலுக்கு ஏற்ற சேமிப்புக் கொழுப்பு அதில் சொற்பம். தொட்டியில் அது புகுந்துவிட்டால் தங்கள் குளோரெல்லாவை முந்திவிடும். இருக்கும் வித்தையே வடிகட்டிய தண்ணீரில் தனியாகப் பெருக்கி, கரும்பச்சையான பிறகு தொட்டிக்கு மாற்றுங்கள்.