ஆண் தொடாதவளுக்குப் பாப் ஸ்மியர் எதற்கு?

வாணி_பிரிக்பீல்ட்ஸ்: நேற்று இங்கே ஒருவர், "பெண்ணோடு வாழும் பெண்ணுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வராது, பாப் ஸ்மியர் வீண்செலவு" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. பாப் ஸ்மியர் என்பது கருப்பைவாயிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்து, புற்றுநோய்க்கான மாற்றம் உண்டா என்று பார்க்கும் சோதனை. அந்த நோய்க்கு மூலம் ஹெச்.பி.வி. வைரஸ். அந்தரங்க உறுப்புகள் உரசினாலே ஒட்டும், கைவிரல் வழியாகவும் போகும்.

மாறன்_செந்தூல்: எழுதியது நான்தான். ஆண் தொடர்பு இல்லையென்றால் வேண்டாம் என்று என் தங்கையிடம் கிளினிக்கிலேயே சொன்னார்கள். டாக்டரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?

வாணி_பிரிக்பீல்ட்ஸ்: எனக்கும் அதையேதான் சொன்னார்கள், தம்பி. 34 வயதில் போனேன். "மணமானவரா?" என்று தாதி கேட்டார். "இல்லை" என்றேன். உறை பிரிக்காத கருவியைத் திரும்ப இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டார். மறுகேள்வி இல்லை. ஒன்பது ஆண்டுகளாக என் துணைவியோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது அதை எப்படிச் சொல்வேன்?

அமுதா_பட்டர்வொர்த்: வீட்டுக்குள் இருக்க வேண்டியதை ஏன் இங்கே கொட்டுகிறாய், வாணி?

வாணி_பிரிக்பீல்ட்ஸ்: வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் அன்று சோதனை செய்யாமலே திரும்பினேன், அக்கா.

மாறன்_செந்தூல்: கேட்டதற்குப் பதில் எங்கே? ஆண் இல்லாமல் எப்படி வரும்?

வாணி_பிரிக்பீல்ட்ஸ்: உரசினால் வரும். இரண்டாம் முறை சொல்கிறேன். கணவனைப் பிரிந்து இப்போது பெண்ணோடு வாழ்பவர்கள் இல்லையா? இருபாலரையும் விரும்பும் பெண்கள் இல்லையா? இந்த வைரஸ் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் கிடக்கும். 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே இந்தப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணம். மலேசியப் பள்ளிகளில் 13 வயதுச் சிறுமிகளுக்கு இதற்கான தடுப்பூசி வந்ததே 2010இல்தான். என் வயதுக்காரிகளுக்கு அது கிடைக்கவில்லை.

குமரன்_ஆயர்_ஈத்தாம்: "கர்ப்பப்பை வாய்" என்பதே வழக்கு. "கருப்பைவாய்" என்று யார் சொல்கிறார்கள்?

அமுதா_பட்டர்வொர்த்: தண்ணீர்மலைக் கோயில் பந்தல் கணக்கைக் கேட்டபோதும் இந்தக் குமரன் இப்படித்தான் பேச்சை மாற்றினார்.

குமரன்_ஆயர்_ஈத்தாம்: கணக்கை அன்றே ஒப்படைத்துவிட்டேன். ரசீது இருக்கிறது.

வாணி_பிரிக்பீல்ட்ஸ்: பந்தலை விடுங்கள்! கால் விரித்துப் படுக்கக் கூசுபவர்களுக்கு வேறு வழியும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் தொடங்கிய ரோஸ் என்ற கருப்பைவாய்ப் பரிசோதனைத் திட்டத்தில், ஹெச்.பி.வி. இருக்கிறதா என்று பார்க்க நாமே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். மாறன், உங்கள் தங்கையிடம் இதைச் சொல்லுங்கள்.

மாறன்_செந்தூல்: என் தங்கையை இதில் இழுக்காதீர்கள்.

வாணி_பிரிக்பீல்ட்ஸ்: முதலில் இழுத்தது நீங்கள்.

மாறன்_செந்தூல்: ஆண் இல்லாமல் எப்படி வரும்? இன்னும் பதில் வரவில்லை.