புதுப்பிப்பு: அம்மாவுடன் கொல்லிமலை, எந்தப் பாதை?

வளைவுச் சாலையில் தலைசுற்றும் அம்மாவை கொல்லிமலைக்கு எந்த வழியில் அழைத்துச் செல்லலாம், அங்கே ஊர்ச்சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தவிர்த்து, முள்ளுக்குறிச்சி வழியாக ஏறுங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது. வளைவுகள் குறைவு என்பதால் அம்மா வாந்தியின்றி மேலே வந்து சேர்ந்தார்.

ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும் என்பதால், அவர் அறப்பளீஸ்வரர் கோயிலிலேயே இருந்துகொண்டார். இறங்குவதைவிட ஏறுவதே முழங்காலைப் பதம் பார்க்கிறது.

சாமைச் சோற்றுக்கு, தங்குமிடத்தில் முந்தைய நாளே சொல்லி வைக்கச் சொன்னது சரியான ஆலோசனை, சொல்லாவிட்டால் பரோட்டாதான். எதிர்பாராதது முடவாட்டுக்கால் சூப். ஆட்டுக்காலைப் போலப் பழுப்பு ரோமம் அடர்ந்த அந்தக் கிழங்கைப் பார்த்ததும் சைவக்காரரான அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைக்காரப் பெண் ரோமத்தைச் சீவி, உள்ளிருந்த பச்சைச் சதையைக் காட்டிய பிறகே மிளகு, சீரகம் தட்டிப்போட்ட சூப்பைக் குடித்தார், இரண்டாவது குவளையும் கேட்டார்.

மிளகு வாங்குவோர் மலைமேல் உள்ள சோளக்காடு ஊர்ச் சந்தையில் வாங்கலாம். பையைக் குரங்குகளிடமிருந்து காப்பது அவரவர் சாமர்த்தியம்.