அம்மாவின் எலும்பு அடர்த்தி: குதிகால் சோதனை போதுமா?

கேள்வி (பட்டர்வொர்த், மலேசியா): 63 வயதாகும் என் அம்மாவின் எடை 48 கிலோ. சென்ற மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மருந்தகம் ஒன்றில் குதிகாலில் அல்ட்ராசவுண்ட் எடுத்து, குறையில்லை என்றார்கள். அதை நம்பலாமா?

மறுமொழி 1: அதோடு நின்றுவிடாதீர்கள், சகோதரி. குதிகால் சோதனை ஆபத்தை ஊகிக்க உதவுமே தவிர, நோயை உறுதிசெய்யாது. எலும்பு அடர்த்தியை எக்ஸ்ரே மூலம் அளப்பது டெக்சா ஸ்கேன், அதை இடுப்பிலும் கீழ்முதுகிலும் எடுப்பார்கள். அதில் டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயதினரின் அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) −2.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அது எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்.

மறுமொழி 2: எலும்புப்புரை ஆபத்தை மதிப்பிட ஆசியப் பெண்களுக்கென உள்ள ஓஸ்தா (OSTA) கணக்கில் எடையிலிருந்து வயதைக் கழித்து 0.2ஆல் பெருக்குவார்கள், உங்கள் அம்மாவுக்கு −3, அதாவது நடுத்தர ஆபத்து. ஆனால் சாதாரணமாக விழுந்ததற்கே எலும்பு முறிந்திருப்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கவலை. அரசு கிளினிக்கில் இதைச் சொல்லிப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்: அம்மாவுக்கு முதுகெலும்புத் தேய்மானமும் உண்டு.

மறுமொழி 1: தேய்மானம் ஸ்கேனில் முதுகெலும்பின் அடர்த்தியைக் கூட்டிக் காட்டக்கூடும், இடுப்பெலும்பின் அடர்த்தியையும் அவசியம் பாருங்கள்.