சின்ன டிராக்டரில் நிலம் திருத்தியவர்கள் வாருங்கள், அனுபவம் பேசுவோம்

எல்லோருக்கும் வணக்கம். பல வருடம் கவனிக்காமல் விட்டதில் ஆளுயரத்துக்குப் புதர் மண்டிக் கிடந்த மூன்று ஏக்கரை, 25 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி வருகிறேன். முன்னால் லோடர் பக்கெட். பின்னால் ரோட்டரி கட்டரையும் (பிளேடு சுழன்று புதரை வெட்டும் கருவி) மண் இழுக்கும் பிளேடையும் தேவைக்கேற்ப மாற்றி மாட்டிக்கொள்வேன். மீட்டர் 140 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. அதில் ஒரு வினாடியைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

நிலத்தின் ஓரத்தில் எப்போதோ வெட்டிய மரத்தின் தூர் ஒன்று இருந்தது. தொடைப் பருமன், தரைக்கு மேலே ஒரு அடிகூட இல்லை. சங்கிலியைத் தூரில் சுற்றிவிட்டு, மறுமுனையை வண்டியில் எங்கே மாட்டலாம் என்று யோசித்தேன். கீழே இருக்கும் இழுவைப் பட்டையில் மாட்டினால் சங்கிலி தரையோடு தரையாகப் போகிறது. பின்அச்சுக்கு மேலே, டாப் லிங்க் (பின்கருவியின் மேல்பக்கத்தைப் பிடிக்கும் தண்டு) மாட்டும் இடத்தில் போட்டால் தூரை மேல்நோக்கித் தூக்கிவிடும் என்று பட்டது. அங்கேயே மாட்டினேன். லோ கியரைப் போட்டு மெதுவாகத்தான் கிளட்சை விட்டேன். சங்கிலி விறைத்தது, பின்சக்கரம் மண்ணைக் கவ்வியது, தூர் அசையவே இல்லை. திடீரென்று ஸ்டீயரிங் கையில் காற்றுப்போல லேசாகிவிட்டது. எதிரே தெரிந்துகொண்டிருந்த வேலி மறைந்து, பானட் மட்டும் கண்ணுக்கு முன்னால் எழும்பி நின்றது.

காலை இன்னும் கிளட்ச்சிலிருந்து முழுதாக எடுக்கவில்லை. அப்படியே மிதித்துவிட்டேன். முன்பக்கம் தொம்மென்று தரையில் விழுந்தது. இஞ்சினை அணைத்து இறங்கியபோது முழங்கால் நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

நடந்தது இதுதான். பின்சக்கரம் சுழல முடியாமல் மாட்டிக்கொண்டால், இஞ்சின் விசை சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதிலாக வண்டியின் உடம்பையே பின்அச்சைச் சுற்றித் தூக்கத் தொடங்கும். சங்கிலி அச்சுக்கு மேலே இருந்தால் அதுவும் சேர்ந்து பின்னால் இழுக்கும். முக்கால் வினாடியில் திரும்பி வர முடியாத நிலைக்குப் போய்விடும். ஒன்றரை வினாடியில் மல்லாந்துவிடும். பார்த்து, புரிந்துகொண்டு, காலை அசைக்க அவ்வளவு நேரம் யாருக்கும் போதாது. என் கால் அங்கேயே இருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. எதை இழுத்தாலும் அச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைப் பட்டையில் மட்டும் மாட்டுங்கள். ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்பு வளைவு) நிமிர்ந்தே இருக்கட்டும், பெல்ட் போட்டிருங்கள். தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் போவதற்காக ரோல் பாரை மடக்கினால், மடங்கியிருக்கும்வரை பெல்ட் வேண்டாம், வெளியே வந்ததும் முதல் வேலையாக நிமிர்த்திவிட்டுப் பெல்ட்டை மாட்டுங்கள்.

இப்போது தூர் எடுக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். மரத்தை வெட்டும்போதே இடுப்பு உயரத்துக்கு விட்டுவிட்டுத்தான் வெட்டுகிறேன். அந்த உயரம்தான் நெம்புகோல். சுற்றிலும் குழி தோண்டி முந்தைய நாள் தண்ணீர் விட்டு வைப்பேன். மறுநாள் பக்கவேர்களைக் கடப்பாரையாலும் கோடாரியாலும் ஒவ்வொன்றாக அறுப்பேன். சங்கிலி ரம்பத்தை மண்ணுக்குள் விடாதீர்கள், ஒரே வேரில் பல் மழுங்கிவிடும். அப்புறம் பக்கெட்டைத் தண்டின் மேல்பகுதியில் பதித்து மெல்லத் தள்ளுவேன், விடுவேன், மறுபடி தள்ளுவேன். அடியில் வேர் அறுபடும் சத்தம் சீட்டு வரைக்கும் அதிரும். அந்த இடத்தில் அவசரப்படாமல் இறங்கி, எந்த வேர் இன்னும் பிடித்திருக்கிறது என்று பார்த்து அதையும் அறுத்துவிட்டால் தூர் தானாகவே சாய்ந்து கொடுக்கும். நேரம் பிடிக்கிறதுதான், ஆனால் எனக்கு இந்த வேலையில் பிடித்த பகுதியே இதுதான். வழியில் இல்லாத தூர்களைத் தரைமட்டமாக வெட்டி மக்க விட்டுவிட்டேன்.

பக்கெட்டால் புதரை வழித்துத் தள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் அரை ஏக்கரில் நானும் அப்படித்தான் செய்தேன். புதரோடு மேல்மண்ணும் சேர்ந்து குவியலுக்குப் போய்விட்டது. அங்கே இன்றைக்கும் புல்கூடச் சரியாக முளைக்கவில்லை. மீதி இடத்தில் ரோட்டரி கட்டரை ஓட்டி, வெட்டியதை அப்படியே மூடாக்காகப் போட்டுவிட்டேன். மண் கறுத்துப் பொலபொலவென்று இருக்கிறது.

கட்டரை இறக்குவதற்கு முன்னால் நிலத்தை நடந்து பாருங்கள். புதருக்குள் பழைய வேலிக்கம்பி கிடந்ததைப் பார்க்காமல் ஓட்டிவிட்டேன். சத்தம் மாறியதுமே நிறுத்தியும், பிளேடுக்கு மேலே கியர்பெட்டித் தண்டில் கம்பி இறுகச் சுற்றி ஆயில் சீலைக் கிழித்திருந்தது. பி.டி.ஓ.வை (இஞ்சின் விசையைப் பின்கருவிக்குக் கொண்டுபோகும் சுழல்தண்டு) அணைத்தாலும் பிளேடு உடனே நிற்காது. இஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு, சுழற்சி முழுதாக நின்ற பிறகுதான் கிட்டப் போக வேண்டும். தூக்கிப் பிடித்திருக்கும் ஹைட்ராலிக்கை நம்பிக் கட்டருக்கு அடியில் கை விடவே கூடாது. கனமான மரக்கட்டை முட்டுக்கொடுத்த பிறகுதான். இப்போதெல்லாம் நடக்கும்போதே கல், தூர், கம்பி இருக்கும் இடத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுகிறேன்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

மறுமொழி

அண்ணா, பதிவைப் படித்ததும் என் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எனக்கு நடந்தது வேறு விதம். பக்கெட் நிறைய ஈர மண்ணை அள்ளிக்கொண்டு சரிவில் இறங்கினேன். பின்னால் எதுவும் மாட்டவில்லை, நான்கு சக்கர இயக்கத்தையும் போடவில்லை. பிரேக்கை மிதித்தேன், பின்சக்கரம் நின்றும் வண்டி சறுக்கிக்கொண்டே போனது. இந்த அளவு வண்டிகள் பெரும்பாலானவற்றில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். முன்னால் பாரம் ஏறியதில் பின்பக்கம் எடை குறைந்து பிடிப்பே இல்லாமல் போயிருக்கிறது. பக்கெட்டைச் சட்டென்று தரையில் ஊன்றியதால் நின்றது. அன்றிலிருந்து லோடர் வேலை என்றால் பின்னால் எடைப்பெட்டி கட்டாயம். சரிவில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுவிட்டுத்தான் இறங்குவேன், அப்போது முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் பெடல்களையும் இணைக்கும் கொக்கியையும் மாட்டிவிடுவேன். பக்கெட் முழங்கால் உயரத்துக்கு மேல் போகாது.

மறுமொழி

காய்ந்த புதரில் ஓட்டுகிறவர்கள் ரேடியேட்டரைக் கவனியுங்கள். விதைப் பஞ்சும் தூசியும் வலையில் படிந்து கம்பளம்போல மூடிவிடும். என் வண்டியில் வெப்பமுள் சிவப்புக்குப் போன பிறகுதான் திறந்தேன். உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்தால்தான் குப்பை வெளியேறும். காய்ந்த பருவத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பார்க்கிறேன்.

மறுமொழி

ஐயா, நான் இப்போதுதான் 22 குதிரைத்திறன் வண்டி வாங்கப் போகிறேன். கட்டர் எவ்வளவு அகலத்துக்கு வாங்கலாம்? ஐந்து அடி கட்டரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

மறுமொழி

தம்பி, இஞ்சின் திறனைப் பார்க்காதீர்கள், பி.டி.ஓ. திறனைப் பாருங்கள். அது எப்போதும் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். ஒரு அடி அகலத்துக்கு ஐந்து குதிரைத்திறன் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு நான்கு அடிக்கு மேல் சிரமம். அடர்ந்த புதரில் ஐந்து அடியை மாட்டினால் இஞ்சின் திணறும், பிளேடு வேகம் விழுந்து செடியை வெட்டாமல் பிய்த்துவிட்டுப் போகும். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று ஓடும்படி ஆக்சிலேட்டரை வைத்துவிட்டு, வேகத்தைக் கியரில் குறைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது அந்தத் தண்டு வினாடிக்கு 9 சுற்று சுற்றுகிறது. உறை இல்லாமல் ஓட்டாதீர்கள், தொளதொளச் சட்டையோடு பக்கத்தில் போகாதீர்கள். பிளேடு தட்டிவிடும் கல் நூறு மீட்டர்கூடப் பறக்கும், அதனால் ஓட்டும்போது நிலத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது.

கூடவே நான்கைந்து ஷியர் போல்ட் (அதிக விசை வந்தால் தானே அறுந்து கியர்பெட்டியைக் காக்கும் போல்ட்) வாங்கிக் கருவிப்பெட்டியில் போட்டு வையுங்கள். கட்டர் தூரில் மோதினால் முதலில் அறுவது அதுதான். கையில் இல்லையே என்று கடினமான வேறு போல்ட்டை மாட்டிவிடாதீர்கள், அடுத்த மோதலில் கியர்பெட்டி போய்விடும்.